மலைச்சரிவில் ஒரு வீடு

2021ஆம் ஆண்டு ஜூலை 17. சனிக்கிழமை இரவு. மும்பையில் மழை கொட்டியது.

செம்பூர் வாஷி நாக்கா பக்கத்தில் பாரத் நகர் என்று ஒரு குடியிருப்பு. மலைச்சரிவில் அடுக்கடுக்காக வீடுகள். மக்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நள்ளிரவு தாண்டியது. மேலே மண் சரிந்தது. அங்கே இருந்த சுற்றுச்சுவர் இடிந்து வீடுகள் மேல் விழுந்தது. 19 பேர் இறந்தார்கள்.

அதே இரவில் விக்ரோலி சூர்யா நகரிலும் மண் சரிந்தது. அங்கே 10 பேர் இறந்தார்கள்.

மும்பைக்கு இது புதிது அல்ல. 2000ஆம் ஆண்டு ஜூலை 12 அன்று காட்கோபர் ஆசாத் நகரில் மலை சரிந்தது. 60க்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். 2005ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று பெய்த பெருமழையில் சாக்கி நாக்காவில் பல குடும்பங்கள் புதைந்தன. எல்லாம் மழைக்காலத்தில் நடந்தவை. எல்லாம் சரிவை ஒட்டிக் கட்டிய வீடுகள்.

மலையில் ஏன் குடியேறினார்கள்?

தாராவி சமதரை. ஒரு காலத்தில் அது மித்தி ஆற்றை ஒட்டிய சதுப்பு நிலம். திருநெல்வேலியில் இருந்தும் வேறு ஊர்களில் இருந்தும் வந்தவர்கள் அங்கே மண்ணும் குப்பையும் கொட்டி, மேடு ஆக்கி, வீடு கட்டினார்கள். மழை வந்தால் தண்ணீர் தேங்கும். முழங்கால் வரை நிற்கும். அந்தத் தொல்லை அவர்களுக்குத் தெரியும்.

பிறகு குடும்பம் பெருகியது. ஒரு அறையில் எட்டுப் பேர் படுக்க முடியவில்லை. மாட்டுங்காவிலும் தாராவியிலும் வாடகை ஏறியது. சிலர் செம்பூர், காட்கோபர், விக்ரோலி, பாண்டுப் பக்கம் போனார்கள். அங்கே அடிவாரம் நிறைந்திருந்தது. மேலே கொஞ்சம் இடம் இருந்தது. ஏறினார்கள்.

ஆசைப்பட்டு யாரும் மலை ஏறவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு 100 படி ஏறுவது யாருக்கு ஆசை?

ஆனால் சமதரையில் பழகிய கண்ணுக்கு மலையின் குணம் தெரியாது. சமதரையில் தேங்கும் தண்ணீர்தான் பகை. மலையில் ஓடும் தண்ணீரும், மண்ணுக்குள் ஊறும் தண்ணீரும் பகை. இந்த வேறுபாடு தெரியாமல் கடப்பாரையை எடுத்தால் ஆபத்து.

மலை எதனால் ஆனது?

மும்பை மலைகள் பழைய எரிமலைக் குழம்பு இறுகி ஆனவை. இது நடந்து 6 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. உள்ளே கருத்த பாறை இருக்கிறது. வெயிலும் மழையும் பட்டுப் பட்டு அந்தப் பாறையின் மேல்பகுதி உதிர்ந்துவிட்டது. அது சரளையாகவும் சிவப்பு மண்ணாகவும் கிடக்கிறது. மும்பையில் அதை முரும் என்பார்கள். இடையிடையே பெரிய உருண்டைக் கற்களும் இருக்கும்.

காய்ந்த முரும் கல் மாதிரி இருக்கும். கடப்பாரை போட்டால் ‘ணங்’ என்று சத்தம் வரும். “இது பாறை, அசையாது” என்று தோன்றும். ஏமாறக்கூடாது. தண்ணீர் ஊறினால் அதே முரும் நழுவும்.

இங்கே மழையும் சாதாரண மழை அல்ல. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நாலு மாதத்தில் 2000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. இந்தக் கணக்கைக் குடத்தில் போட்டுப் பார்க்கலாம். ஒரு வீட்டுக் கூரை 10 அடி நீளம், 10 அடி அகலம். அந்த ஒரு கூரையில் மட்டும் அன்று விழுந்த தண்ணீர் சுமார் 8,700 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் பிடித்தால் 580 குடம். ஒரு மலையில் எத்தனை கூரை? அவ்வளவு தண்ணீரும் எங்கே போகும்? வழி இருந்தால் வழியில் போகும். வழி இல்லாவிட்டால் மண்ணுக்குள் போகும்.

மண்ணுக்குள் போன தண்ணீர் இரண்டு வேலை செய்கிறது. மண்ணின் எடையைக் கூட்டுகிறது. மண்துகள்கள் ஒன்றை ஒன்று பிடித்திருக்கும் பிடியையும் தளர்த்துகிறது. சுமை கூடுகிறது, பிடி குறைகிறது. அப்போது சரிகிறது.

அரிசிக் குவியல்

ரேஷன் கடையில் அரிசியைக் குவித்து வைத்திருப்பார்கள். குவியலின் உச்சியில் இருந்து ஒரு படி அள்ளினால் ஒன்றும் ஆகாது. அடியில் இருந்து ஒரு படி அள்ளினால்? மேலே இருப்பது சரசரவென்று இறங்கிவரும். குவியலைத் தாங்குவது அதன் அடிதான்.

மலையும் அப்படித்தான். சரிவின் அடியை வெட்டி எடுத்தால் மேலே உள்ள மண் ஆதாரம் இல்லாமல் நிற்கும். கோடையில் நிற்கும். இரண்டு கோடை கூட நிற்கும். “பார், ஒன்றும் ஆகவில்லை” என்று வீட்டுக்காரர் சொல்வார். மூன்றாவது மழையில் தெரியும்.

வீடு கட்டும்போது நடக்கும் பெரிய தவறு இதுதான். இடம் போதவில்லை என்று பின்பக்கம் தோண்டுவது. இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டுக்கார அம்மாவும் ஒரு வயதான கொத்தனாரும் பேசுகிறார்கள்.

“அண்ணாச்சி, பின்னாடி இன்னும் நாலடி வெட்டிட்டா ஒரு அடுப்படி கெடைக்குமே?”

“கெடைக்கும் தாயி. மேல இருக்காங்களே, அவங்க வீட்டுக் கடக்கால் எங்க நிக்குதுன்னு பாத்தியளா?”

“அது நம்ம சுவருக்கு மேல...”

“ஆமா. நாலடி வெட்டுனா அவங்க வீடு அந்தரத்துல நிக்கும். அவங்க வீடு எறங்குனா எங்க எறங்கும்? நம்ம அடுப்படியிலதான்.”

“அப்ப அடுப்படி வேண்டாங்கீயளா?”

“வேணும். தரையை ஒரே மட்டமா வைக்கணும்னு என்ன இருக்கு? முன்னறை கீழ இருக்கட்டும். ரெண்டு படி ஏறுனா அடுப்படி. மலை எப்படிப் போகுதோ அப்படி வீடும் போகட்டும். வெட்டுறது பாதியா கொறையும்.”

“வெட்டுன மண்ண முன்னாடி கொட்டிட்டா வாசல் பெருசாகுமே, அண்ணாச்சி?”

“கொட்டுன மண்ணு வேற, கெடந்த மண்ணு வேற தாயி. கொட்டுனது மழையில கரைஞ்சு கீழ் வீட்டுக் கூரையில போய் நிக்கும்.”

கொத்தனார் சொன்ன கடைசி வார்த்தை மிக முக்கியமானது. கிடந்த மண் பல ஆயிரம் ஆண்டுகள் அழுந்தி இறுகியது. கொட்டிய மண் பொலபொலவென்று இருக்கும். தண்ணீரைப் பஞ்சு போல் குடிக்கும். பாதி வீடு வெட்டிய தரையிலும் பாதி வீடு கொட்டிய மண்ணிலும் இருந்தால், முன்பாதி இறங்கும். நடுவில் விரிசல் விழும்.

ஹாங்காங் நகரம் இதை உயிர் கொடுத்துக் கற்றது. அதுவும் மும்பை போலக் கடலும் மலையும் நெருக்கமான ஊர். 1972ஆம் ஆண்டு ஜூன் 18 அன்று அங்கே இரண்டு இடங்களில் மலைச்சரிவு நடந்தது. 138 பேர் இறந்தார்கள். அதில் ஒரு இடம் சாவ் மாவ் பிங். அங்கே சரிந்தது இயற்கையான மலை அல்ல. சாலை போடக் கொட்டிய மண்மேடு. கீழே இருந்த ஏழைகளின் குடிசைகள் மேல் அது விழுந்தது. 1976இல் அதே பகுதியில் இன்னொரு மண்மேடு சரிந்து 18 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், 1977இல், சரிவுகளைக் கவனிக்க அரசு தனி அலுவலகம் வைத்தது. இன்று அங்கே மனிதன் வெட்டிய சரிவு, கட்டிய சரிவு ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. அதைப் பராமரிக்க வேண்டியவர் யார் என்றும் பதிவு உண்டு. மும்பையில் வீட்டுக்கு எண் இருக்கிறது. வீட்டின் பின்னால் நிற்கும் மலைக்கு எண் இல்லை.

எப்போது வெட்டலாம்? எப்படி வெட்டலாம்?

வெட்டாமல் கட்டவே முடியாது என்றால், காலம் பார்த்து வெட்ட வேண்டும். மழை ஓய்ந்த நவம்பரில் தொடங்கினால் நல்லது. ஏப்ரலுக்குள் மண்வேலையும் சுவர்வேலையும் முடிய வேண்டும். பலர் மே மாதம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, ஊருக்குப் போய்வந்து தொடங்கலாம் என்று இருப்பார்கள். மே கடைசியில் தோண்டிய குழிக்கு ஜூன் இரண்டாம் வாரம் மழை வந்துவிடும். பச்சை வெட்டு மழையில் நனையும். அதைவிட மோசமான நேரம் இல்லை.

செங்குத்தாக வெட்டக்கூடாது. படிபடியாக வெட்ட வேண்டும். வயலில் வரப்பு கட்டுவது போல, 3 அடி உயரம் ஒரு படி, பிறகு கொஞ்சம் சமதரை, பிறகு அடுத்த படி. ஒவ்வொரு படியும் மலைப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கட்டும். தேனி, நீலகிரி மலைகளில் காய்கறி போடுகிறவர்கள் இந்த வேலையை நன்றாக அறிவார்கள்.

ஒரே நாளில் நீளமாக வெட்டிவிடவும் கூடாது. 5, 6 அடி நீளம் வெட்டி, அங்கே சுவர் எழுப்பிய பிறகு அடுத்த பகுதியை வெட்ட வேண்டும். வேலை மெதுவாகத்தான் நடக்கும். கூலி கொஞ்சம் கூடும். இருந்தாலும் குழிக்குள் நிற்கும் கூலியாளின் உயிரும் உயிர்தானே. தோண்டும்போது மண் விழுந்து இறப்பவர் பெரும்பாலும் நாக்காவில் நின்று வேலைக்கு வந்த கூலியாளாகத்தான் இருக்கிறார்.

வெட்டிய சரிவுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் இடம் விட வேண்டும். வெட்டு எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் விடுவது நல்லது. மும்பையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஒரு அடிக்கு உயிரை விடும் ஊர் இது. குறைந்தது ஒரு ஆள் குனிந்து போய், வாய்க்காலில் விழுந்த மண்ணை அள்ளிவர இடம் வேண்டும். வீட்டின் பின்சுவரையே மலைக்குத் தடுப்பாக நினைத்து ஒட்டிக் கட்டுவது மட்டும் கூடவே கூடாது. 4 அங்குலச் செங்கல் சுவர் கூரையைத் தாங்கும். மலையைத் தாங்காது.

சுவருக்கு ஓட்டை வேண்டும்

தடுப்புச் சுவர் கட்டினால் போதும், பயம் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். சுவர் மண்ணைத் தடுக்கும். ஆனால் மண்ணுக்குப் பின்னால் சேரும் தண்ணீர்? அதற்கு வழி இல்லாவிட்டால் சுவர் அணை ஆகிவிடும். தண்ணீர் ஏற ஏற, சுவரைத் தள்ளும். அணை கட்டுகிற கணக்கில் அந்தச் சுவரைக் கட்டியிருக்க மாட்டார்கள். ஒரு நாள் அது மொத்தமாகச் சாயும். மண்ணோடு கல்லும் சேர்ந்து விழும். அப்போது சுவர் இல்லாமல் இருந்ததைவிடச் சேதம் அதிகம்.

அதனால் சுவரில் ஓட்டை விட வேண்டும். 3 அங்குல அல்லது 4 அங்குலப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளைச் சுவரின் குறுக்கே பதிக்க வேண்டும். 4 அடிக்கு ஒன்று இருக்கட்டும். குழாய் வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் ஒரு அடி அகலத்துக்கு ஜல்லியும் உடைகல்லும் நிரப்ப வேண்டும். வெறும் மண்ணை அடைத்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். மழையில் குழாய் வழியே தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து, “சுவர் ஒழுகுகிறது” என்று சிமெண்டு வைத்து அடைப்பவர்கள் உண்டு. சொட்டினால்தான் சுவர் நன்றாக இருக்கிறது என்று பொருள். மழையில் சொட்டாத குழாயைக் கம்பி விட்டுக் குத்த வேண்டும்.

சுவரின் அடி அகலமாக இருக்க வேண்டும். கருங்கல் சுவர் 6 அடி உயரம் என்றால் அடியில் 3 அடி அகலமாவது வேண்டும். மேலே போகப் போகக் குறையலாம். அஸ்திவாரம் கொட்டிய மண்ணில் நிற்கக்கூடாது. கெட்டித்தரை வரும்வரை தோண்ட வேண்டும். 6 அடிக்கு மேல் உயரம் வந்தால் கொத்தனாரின் கைக்கணக்கு போதாது. பொறியாளர் பார்க்க வேண்டும். அந்த அளவு சுவர் தனி வீட்டுக்காரர் செலவில் ஆகிற காரியமும் அல்ல. மும்பையில் மலைக் குடியிருப்புகளில் தடுப்புச் சுவர் கட்டுவது அரசின் குடிசைப் பகுதி மேம்பாட்டு வாரியத்தின் வேலைகளில் ஒன்று. சந்து மக்கள் சேர்ந்து மனு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கேட்கலாம். கேட்கும்போது “ஓட்டை விட்ட சுவர்” என்று சேர்த்து எழுதுவது நல்லது.

மேல் வீடு, கீழ் வீடு

சமதரையில் ஒருவர் தண்ணீர் கொட்டினால் அவர் வாசல்தான் நனையும். மலையில் மேல் வீட்டுத் தண்ணீர் கீழ் வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்ணில் இறங்கும். துணி துவைத்த தண்ணீர், குளித்த தண்ணீர், கக்கூஸ் குழியின் தண்ணீர் எல்லாம் 12 மாதமும் இறங்கும். குடிதண்ணீர்க் குழாயில் ஒரு சின்ன ஒழுக்கு இருந்தால் போதும். இரவும் பகலும் மண் நனைந்துகொண்டே இருக்கும். ஜூன் மாதம் மழை வருவதற்குள்ளேயே அந்த மண் பாதி வயிறு குடித்திருக்கும்.

ஆகையால் மேலே உள்ளவர் தண்ணீரைக் குழாயிலோ சிமெண்டு வாய்க்காலிலோ கொண்டுபோய் நாலாவில் விட வேண்டும். பாதி வழியில் விட்டால் பயன் இல்லை. சரிவின் உச்சியில், வெட்டுக்கு மேலே, குறுக்கே ஒரு வாய்க்கால் எடுத்தால் மலைத்தண்ணீர் வீட்டுப்பக்கம் வராமல் ஓரமாகப் போய்விடும். இந்த வாய்க்காலில் குப்பை சேர்ந்தால் அது வாய்க்கால் இல்லாததைவிடக் கெடுதல். அடைத்த இடத்தில் மொத்தத் தண்ணீரும் உடைத்துக்கொண்டு இறங்கும். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தே கூடி வாரினால் வேலை முடிந்துவிடும். இதில் சண்டைதான் பெரிய தடை. “என் குப்பை இல்லை” என்று மேல் வீடு சொல்லும். “என் வாய்க்கால் இல்லை” என்று கீழ் வீடு சொல்லும்.

வெட்டிவேர்

மண்பானைத் தண்ணீரில் வாசனைக்குப் போடும் வெட்டிவேர் எல்லோருக்கும் தெரியும். மண்ணைப் பிடிக்க அதைவிட நல்ல புல் குறைவு. அதன் வேர் பக்கவாட்டில் பரவாது. நேராகக் கீழே இறங்கும். நல்ல மண்ணில் 6 அடி, 10 அடி ஆழம் கூடப் போகும். சரிவின் குறுக்கே வரிசையாக, அரை அடிக்கும் குறைந்த இடைவெளியில், மழை தொடங்கும்போது நாற்றை நட வேண்டும். இரண்டு மழைக்காலம் போனால் வேலி போல அடர்ந்துவிடும். மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும்.

சரிவில் சிலர் வாழை வைக்கிறார்கள். வாழைக்கு வேர் ஆழம் போகாது. மரம் கனமாக இருக்கும். ஏற்கெனவே நிற்கும் மரங்களை வெட்டக்கூடாது. வெட்டினாலும் அடிக்கட்டையைப் பிடுங்கக்கூடாது.

புல்லை நம்பி 20 அடி செங்குத்து வெட்டின் கீழ் படுத்துத் தூங்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். வேர் மேல்மண்ணைக் காக்கும். ஆழத்தில் நழுவும் மலையை அது நிறுத்தாது. புல் வளரும்வரை, புதிதாக வெட்டிய இடத்தைத் தாட்பத்ரி போட்டு மூடலாம். தாட்பத்ரியின் மேல் விளிம்பை மண்ணில் புதைக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் அதன் அடியில் போகும்.

மலை சொல்லும் அடையாளங்கள்

2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 இரவு கேரளத்தில் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மலை இறங்கியது. தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பு புதைந்தது. 70 பேர் போனார்கள். பலர் கயத்தாறு பக்கத்துத் தமிழர்கள். அவர்கள் யாரும் மலை அடியை வெட்டவில்லை. சரிவு தொடங்கியது வீடுகளுக்கு வெகு தூரம் மேலே. வீட்டைச் சுற்றி எல்லாம் சரியாகச் செய்தவருக்கும் ஆபத்து வரலாம். அதனால் மழை இரவில் கண்ணும் காதும் வேண்டும்.

நேற்றுவரை மூடிய கதவு இன்று மூட மாட்டேன் என்கிறது. தரையில் புது விரிசல். தடுப்புச் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது. மின்கம்பமோ மரமோ சாய்ந்திருக்கிறது. பின்னால் சின்னக் கற்கள் உருளும் சத்தம். தெளிவாக வந்த ஊற்றுத் தண்ணீர் திடீரென்று செம்மண் கலங்கலாக வருகிறது. அல்லது ஓடிய தண்ணீர் மழை பெய்யும்போதே நின்றுவிடுகிறது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வெளியேற வேண்டும். மேல் வீட்டையும் கீழ் வீட்டையும் தட்டி எழுப்ப வேண்டும். சரிவுக்கு நேர் கீழே ஓடாமல் பக்கவாட்டில் போக வேண்டும்.

மும்பை மாநகராட்சியின் அவசர எண் 1916. இரவிலும் எடுப்பார்கள். ஒவ்வொரு ஆண்டும் மழைக்கு முன் மாநகராட்சி மலைக் குடியிருப்புகளுக்கு எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்டுகிறது. வேறு இடம் காட்டாமல் “காலி செய்” என்று மட்டும் சொல்கிறார்கள் என்று மக்கள் கோபப்படுகிறார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனாலும் நோட்டீஸை வாசிக்காமல் கிழிப்பதில் லாபம் இல்லை. எந்த மலைச்சரிவைச் சொல்கிறார்கள், எந்தச் சந்து என்று வாசித்துப் பார்த்தால், குறைந்தது பெருமழை நாட்களில் குழந்தைகளையும் முதியவர்களையும் தாராவியிலோ மாட்டுங்காவிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டில் படுக்க வைக்கலாம்.

ரேஷன் கார்டு, ஆதார், பள்ளிச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் ஜூன் மாதமே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டிவிடுவது நல்லது. அதைத் தேடிக்கொண்டு உள்ளே நிற்க நேரம் இருக்காது.

மழை நின்றவுடன் திரும்பிவிடவும் கூடாது. மண் குடித்த தண்ணீர் வடியப் பல மணி நேரம் ஆகும். சில வேளை நாட்களும் ஆகும். வெயில் அடித்த பிறகும் சரிவுகள் விழுந்திருக்கின்றன.